பொழுது சொல்பவள்

கல்யாணமான நாளிலிருந்து தன்யகுமாருக்குப் பொழுது சொல்லி வந்தவள் தர்மவதிதான். மணி அல்ல, பொழுது. சூரியன் விழுந்த பிறகு சாப்பிடுவதில்லை என்பது அவர்கள் சமண வீட்டு வழக்கம். அவள் பிறந்த வீட்டிலும் அதுதான், புகுந்த வீட்டிலும் அதுதான். ஆனால் அந்த வழக்கத்தைக் காப்பாற்றுகிற வேலை இருவருக்கும் சமமாகப் பங்கு போடப்படவில்லை. விரதத்தை அவர் வைத்துக்கொண்டார், வானத்தை அவளிடம் விட்டுவிட்டார். அரசுப் பள்ளியில் வரலாறு நடத்திய காலத்திலும் சரி, ஓய்வு பெற்று முழு நேரமும் எழுத உட்கார்ந்த பிறகும் சரி, அவர் ஒரு நாளும் சாயங்காலத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. "ஏங்க, பொழுது போவுது" என்று அவள் குரல் வந்தால் எழுந்து கை கழுவுவார். குரல் வரவில்லை என்றால் பொழுது இன்னும் இருக்கிறது.

வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு அவள் வேலை கொஞ்சம் சிக்கலானது. கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் அந்த வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் சூரியன் நேராக மலைக்குப் பின்னால் இறங்கும். மலை மறைத்த பிறகும் வெகுநேரம் வெளிச்சம் இருக்கும். அது பொழுதா, பொழுது போனதா? யாரைக் கேட்பது? அவளே ஒரு சட்டம் போட்டாள். மலைக்குப் போனால் போனதுதான். ஊரே அந்த மலையைக் கிரிவலம் சுற்றி வருகிறது. இவர்கள் சுற்றுவதில்லை. ஆனால் வருஷத்தில் மூன்று மாதம் அந்த மலையைப் பார்த்துத்தான் அவர்கள் வீட்டில் சோறு.

அந்தச் சாப்பாட்டு நேரம்தான் அவளுக்கு அவர் முழுசாகக் கிடைக்கிற நேரம். பகலெல்லாம் அவர் புத்தகத்தோடு இருப்பார். பழைய காலத்தில் பல தேச மக்கள் ஊரையும் நகரத்தையும் கோட்டையையும் என்ன சொல்லி அழைத்தார்கள், அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பற்றிய புத்தகம். வருஷக்கணக்காக எழுதுகிறார். சாயங்காலத்தில் தட்டுக்கு முன்னால் உட்காரும்போது ஒரு சொல்லைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைப்பார், சந்தையிலிருந்து வாங்கிவந்த காயை வைப்பதுபோல.

"தர்மு, ரஷ்யாக்காரன் நகரத்துக்கு இன்னா சொல்றான் தெரியுமா? கோரத். அப்பிடின்னா வேலி போட்ட எடம்."

"நம்ம ஊர் மாதிரிதான் சொல்லுங்க."

"சீனாக்காரன் இன்னும் மேல. மதிலுக்கும் நகரத்துக்கும் ஒரே எழுத்து."

"எழுத்துல கூட சிக்கனம்."

அவர் சிரிப்பார். அவள் பிளஸ் டூவோடு நின்றவள். அவர் சொல்வதில் பாதி புரியும், மீதி மனசுக்குள் கிடக்கும். பிறகு எப்போதாவது பாத்திரம் கழுவும்போது புரியும்.

புத்தகமே அவளிடமிருந்துதான் ஆரம்பித்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வாடகை வீட்டில் இருந்த காலம். ரசம் ஊற்றிக்கொண்டே சும்மாதான் சொன்னாள், "மாட்டை அடைக்கிற எடமும் பட்டி, மனுஷன் குடியிருக்கிற ஊரும் பட்டி. முள்ளுவேலி ஒண்ணுதானே ரெண்டுக்கும்?" அவர் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அன்றைக்கு எழுத ஆரம்பித்தார். எந்தத் தேசத்திலும் நகரத்தின் பெயர் முதலில் உள்ளே இருப்பவர்களின் பெயர் அல்ல, அவர்களைச் சுற்றி நின்ற வேலியின், மதிலின், மேட்டின் பெயர் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் சாரம். புரம் என்பதுகூட வேத காலத்தில் ஊர் அல்ல, அரண். கிரேக்கர்களின் போலிஸ் முதலில் குன்றின் மேல் இருந்த கோட்டை. பட்டியில் தொடங்கியது அங்கே போய் நின்றது. இது என்னால் வந்தது என்று அவள் ஏன் சொல்ல வேண்டும்? அவர் உடம்பில் ஓடுகிற ரத்தம் தான் போட்ட சோற்றில் ஊறியது என்று யாராவது சொல்லிக்கொண்டு திரிவார்களா?

பிறகு தீக்ஷா வந்தாள்.

மகன் அபிஷேக்கின் மனைவி. கல்யாணம் முடிந்த கையோடு அவனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். விசா வரும்வரை இவள் மாமனார் வீட்டில். மாடி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஏதோ கம்பெனிக்கு வேலை பார்த்தாள், காலையில் ஆன்லைனில் ஜெர்மன் படித்தாள். நல்ல பெண். அடுக்களையில் கூப்பிடாமலே வந்து நிற்பாள். தர்மவதிக்கு அவள்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை இல்லாதவர்கள்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

ஒரு மத்தியானம் தீக்ஷா மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"மாமா, ஜெர்மன்ல வேலிக்கு ட்சவுன்னு சொல்றாங்க. இங்கிலீஷ் டவுனும் அதுவும் ஒரே வேர்லேர்ந்து வந்ததுன்னு போட்டிருக்கு. உங்க புக்குக்கு ஆகுமா?"

தன்யகுமார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். எழுந்தே நின்றுவிட்டார். அடுக்களை வாசலிலிருந்து தர்மவதி அதைப் பார்த்தாள். பட்டிக்கு அவர் கை மட்டும்தான் நின்றது. இதற்கு ஆளே எழுந்து நிற்கிறார்.

அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே கூச்சமாக இருந்தது. சீ, மருமகளோடா போட்டி? ஆனால் நினைப்பு போகவில்லை. கைக்கும் ஆளுக்கும் உள்ள வித்தியாசத்தை மனசு அளந்துகொண்டே இருந்தது.

அதன்பிறகு மத்தியானங்கள் மாறின. தீக்ஷாவுக்கு வேலை முடிகிற நேரம் அவருக்கும் தெரியும். லேப்டாப்போடு அவள் இறங்கி வர, இரண்டு பேரும் கூடத்து மேஜையில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர் எழுதியதை வாசிப்பார், அவள் லேப்டாப்பில் தட்டிப் பார்ப்பாள். "இது சரி மாமா." "இது ஒருத்தர் மட்டும்தான் சொல்றாரு மாமா, மத்தவங்க ஒத்துக்கல." லித்துவேனியா என்று ஒரு தேசமாம். அங்கே கோட்டைக்குப் பிலிஸ் என்று பெயராம். நம்முடைய புரமும் கிரேக்கரின் போலிஸும் அதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாம். அன்றைக்கு அவர் சாப்பிட உட்கார்ந்தபோது தர்மவதி காத்திருந்தாள். பிலிஸைப் பற்றிச் சொல்வார் என்று. அவர் பேசாமல் சாப்பிட்டார். சொல்ல வேண்டியதை ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்ட மனிதனின் நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

"இன்னிக்கு ஒண்ணும் எழுதலீங்களா?" என்று கேட்டாள்.

"நெறைய எழுதனேன் தர்மு. தீக்ஷாகிட்ட படிச்சுக் காட்டனேன். இன்னும் கொஞ்சம் கூட்டு போடு."

அவள் கூட்டுப் போட்டாள்.

இன்னொரு நாள் கூடத்திலிருந்து பெரிய சிரிப்பு. ஆப்பிரிக்காவில் இருந்த கார்த்தேஜ் என்ற பழைய நகரத்தைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெயருக்குப் 'புது ஊர்' என்று அர்த்தம்.

"ஆக, கார்த்தேஜுன்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம புதூர்! செங்கம் ரோட்ல போற புதூர் பஸ்ல ஏறி, கார்த்தேஜ் ஒரு டிக்கெட்டுன்னு கேக்கலாம்."

தீக்ஷா விழுந்து விழுந்து சிரித்தாள். தர்மவதி கையில் கரண்டியோடு நின்றாள். புதூர் பஸ் அவள் சொன்னது. அவளுடைய சின்ன அத்தையை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. கார்த்தேஜைப் பற்றி அவர் முதன்முதலில் சொன்ன அன்றைக்கு, "அப்ப எங்க அத்தைய ஆப்பிரிக்காவுலயா குடுத்தோம்? பஸ் சார்ஜ் கம்மியா இருந்துச்சே" என்று அவள்தான் கேட்டாள். அவர் புரையேறிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது எடுத்து இந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். யாருடைய சிரிப்பு என்றுகூடச் சொல்லவில்லை. அவருக்கு நினைவிருக்காது. நினைவில்லாததுதான் அதிகம் வலித்தது.

பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் துணி உலர்த்தும்போது மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னாக்கா, உங்க வூட்ல காலேஜ் நடக்குதா? ஒரே சத்தமா கீதே?"

"அவரு புஸ்தகம் எழுதறாரு. மருமவ கூடமாட உதவி பண்ணுது."

"நல்லதுதான். மருமவ வந்தா மாமியாருக்கு ரெஸ்ட்டுனு சொல்லுவாங்க. உன்ன டிஸ்மிஸ்ஸே பண்ணிட்டாங்க போல."

தர்மவதி சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே வந்து, கழுவிய பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள்.

பொழுது விஷயமும் கார்த்திகையில் கைமாறியது. சூரியன் மலைக்குப் போகிற நேரத்தில் வழக்கம்போல அவள் மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தாள், "ஏங்க, பொழுது போவுது."

தீக்ஷா போனை எடுத்துப் பார்த்தாள். "இல்ல அத்தை, நிஜமான சன்செட்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. மலைதான் மறைக்குது."

அவர் முகம் மலர்ந்தது. பள்ளிக்கூடத்துக்குத் திடீரென்று லீவு விட்டதுபோல. "முக்கா மணியா? இத்தினி வருஷம் இந்த மலை நம்மகிட்டேர்ந்து முக்கா மணி திருடிக்கினு இருந்திருக்கு பாரேன்!"

மலையா திருடியது? அந்தச் சட்டம் போட்டது யார் என்று அவருக்குத் தெரியாதா? அன்று முதல் தீக்ஷாவின் போனில் தினமும் பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மணி அடித்தது. புல்லாங்குழல் சத்தம். தர்மவதி குரல் கொடுத்தால், "இரு தர்மு, போன் இன்னும் அடிக்கல" என்பார். புல்லாங்குழல் கேட்டதும் எழுந்து வருவார். அவள் குரல் கொடுப்பதை நிறுத்தவில்லை. அது முதல் மணி ஆகிவிட்டது, பிள்ளைகள் யாரும் மதிக்காத முதல் மணி.

காலையில் அவள் விளக்கேற்றும்போது தீர்த்தங்கரரிடம் எதையும் கேட்க மாட்டாள். வேண்டுதல் வேண்டாமை இல்லாதவரிடம் என்ன கேட்பது? கேட்க வேண்டியதைப் பக்கத்துப் படத்தில் இருக்கும் பத்மாவதி அம்மனிடம் கேட்பாள். அந்த மாதம் முழுக்க ஒரே வேண்டுதல்தான். "தாயே, அந்தப் பொண்ணுக்கு விசா வரணும். சீக்கிரம் வரணும்." பார்த்தால் மருமகளுக்காக மாமியார் வேண்டிக்கொள்வது. அபிஷேக் போனில் பேசும்போது, "அம்மா தினமும் எங்களுக்காக வேண்டிக்கிறாங்களாமே, தீக்ஷா சொன்னா" என்று நெகிழ்ந்தான். அவள் அவன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள்.

மார்கழியில் பதிப்பகத்திலிருந்து அவசரப்படுத்தினார்கள். பொங்கலுக்குள் எல்லாம் வந்துவிட வேண்டும். தன்யகுமார் சரியாகத் தூங்கவில்லை. அன்று மத்தியானம் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அப்பறம் பாத்துக்கலாம்" என்று எழுந்துவிட்டார். சர்க்கரை உள்ளவர் அப்படிச் சாப்பிடக் கூடாது என்று அவள் சொன்னது காதில் விழவில்லை.

சாயங்காலம் கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனவள் வாசலிலேயே நின்றாள்.

"ஊர் அத்தியாயத்த எடுத்துட்டேம்மா" என்று அவர் தீக்ஷாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நீ சொன்னது சரிதான். சத்தம் ஒண்ணா இருந்தா சொந்தம் ஆயிடாது."

அந்த அத்தியாயம் அவளுக்குத் தெரியும். புத்தகத்தில் அவளுக்குப் பாடமாகத் தெரிந்த ஒரே அத்தியாயம் அதுதான். ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இரண்டு நதிகளுக்கு நடுவே இருந்த தேசத்தில் ஊர் என்று ஒரு நகரம் இருந்தது. நகரம் என்ற சொல்லே அவர்கள் பாஷையில் ஏறக்குறைய அப்படித்தான். அதுவும் நம்முடைய ஊரும் ஒன்றாக இருக்குமோ என்று அவர் எழுதியிருந்தார். அதை அவர் வாசித்துக் காட்டிய அன்று அபிஷேக் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அங்கேயும் ஒருத்தி இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊருக்குப் போறேன் என்று சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது. அதைச் சொன்னதும் அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே அவள் அந்த அத்தியாயத்தை வைத்திருந்தாள். அது உண்மையா பொய்யா என்பது அவளுக்கு ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை.

அதை எடுத்துவிட்டார். எடுத்ததை அந்தப் பெண்ணிடம் சொல்கிறார். இவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

தர்மவதி உள்ளே போய்த் தண்ணீரை மேஜையில் வைத்தாள். பக்கத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் போடும் சர்க்கரை மாத்திரையையும் வைத்தாள். தினமும் செய்கிற கை, தானாகச் செய்தது. அவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மாத்திரையைப் போட்டு விழுங்கினார். தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

சூரியன் மலை உச்சிக்குப் பக்கத்தில் நின்றது. கலெக்டர் ஆபீஸ் பக்கமிருந்து வேலை முடிந்தவர்களின் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. குரல் கொடுக்க வேண்டிய நேரம். அவள் மாடிப்படிக்கு வந்தாள். வாயைத் திறந்தாள். கீழேயிருந்து அவர் குரல் வந்தது. கடைசி அத்தியாயத்தை வாசிக்க ஆரம்பித்திருந்தார். இந்தக் கடைசி அத்தியாயத்தை எழுதும்போது முதலில் யாருக்கு வாசித்துக் காட்டுவார் என்று அவள் வருஷக்கணக்காக மனசுக்குள் கேட்டுப் பார்த்ததுண்டு. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டுக்கொள்வதில் உள்ள சுகத்துக்காக.

வாயை மூடிக்கொண்டாள்.

போன் இருக்கிறதே, அடிக்கட்டும். அவள் இருக்கிறாளே, கூப்பிடட்டும். வேலியைப் பற்றி அவ்வளவு தெரிந்தவளுக்கு விளக்கு வைக்கிற நேரம் தெரியாதா?

சூரியன் மலைக்குப் போனது. துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். மாடியில் மடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். வானம் ஆரஞ்சாகி, சாம்பலாகி, நீலமாக இருண்டது. புல்லாங்குழல் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அந்த மடித்த துணிகளின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது, புண்ணைச் சொறிகிறபோது வருகிற சந்தோஷம். இன்றைக்கு அவர் பசியோடு படுப்பார். நாளைக்குத் தெரியும், யார் சொல்லிப் பொழுது போகிறது என்று.

"அத்தை! அத்தை, சீக்கிரம் வாங்க!"

அந்தக் குரலில்தான், சாப்பிடாத வயிற்றில் அவர் போட்ட மாத்திரை ஞாபகம் வந்தது. படிகளில் எப்படி இறங்கினாள் என்று தெரியாது.

கூடத்தில் டியூப்லைட் எரிந்தது. தன்யகுமார் நாற்காலியில் சரிந்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. "படிச்சுக்கினே இருந்தாரு அத்தை, திடீர்னு வார்த்தை கொழறுது" என்று தீக்ஷா அழுகிற குரலில் சொன்னாள்.

தர்மவதி அடுக்களைக்கு ஓடிப் பொங்கலுக்கு வாங்கிவைத்த வெல்லத்தை உடைத்து எடுத்து வந்தாள். அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் உதடுகளை இறுக்கிக்கொண்டார்.

"பொழுது... போயிடுச்சா?"

"போவல. வாயத் தொறங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தார். தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"போயிடுச்சு" என்றார். பற்களைக் கடித்துக்கொண்டார்.

"போவலன்னு சொல்றேன் இல்ல! நான்தானே உங்களுக்குப் பொழுது சொல்லுவேன்? நான் சொல்றேன், இன்னும் இருக்குது."

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. முப்பது வருஷமாக அவள் சொன்ன எல்லாப் பொழுதையும் கேள்வி கேட்காமல் நம்பிய மனிதன், அவள் சொன்ன முதல் பொய்யை நம்பவில்லை.

தீக்ஷா போனை எடுத்தாள். ஒரு கணம் அத்தையைப் பார்த்தாள். பிறகு மாமனார் முன்னால் மண்டியிட்டாள்.

"மாமா, மலைக்குத்தான் போயிருக்கு. நெஜமா எறங்க இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. இதோ, போன்ல பாருங்க."

திரையை நீட்டினாள். அவர் கண்ணாடி மேஜையில் கிடந்தது. அவருக்கு ஒரு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்திருக்கும். திரையில் மணி ஆறேகாலைத் தாண்டியிருந்தது, தர்மவதி பார்த்தாள்.

அவர் வாயைத் திறந்தார்.

தர்மவதி வெல்லத்தை உள்ளே வைத்தாள். அவள் விரல் அவர் நாக்கில் பட்டது. கரைந்ததும் இன்னொரு துண்டு. அவர் கண்ணில் மெல்ல ஆள் திரும்பி வருவதை அவள் பார்த்தாள். உயிர் போய் வந்தது அவளுக்கு. அந்த நேரத்திலும் மனசின் ஒரு மூலை சொல்லிக்கொண்டது. நீ சொன்னபோது மூடினார், அவள் சொன்னபோது திறந்தார்.

டாக்டருக்குப் போன் செய்து, சர்க்கரையைச் சோதித்து, "ரெண்டு நிமிஷம் ஆவறதுக்குள்ள சாப்பிட்டுடுங்க மாமா" என்று இன்னொரு பொய்யும் சொல்லி, தயிர்சாதத்தை அவருக்கு ஊட்டி, படுக்க வைத்தார்கள். அவர் கேள்வி கேட்கவில்லை. கேட்கிற சக்தி இல்லையா, கேட்க வேண்டாம் என்று வைத்துக்கொண்டாரா, தெரியாது.

அடுக்களையில் இரண்டு பேரும் நின்றார்கள். தொடாத சோறு பானையில் இருந்தது. பொழுது போனதால் அவர்களுக்கும் அன்றைக்கு அது இல்லை.

"காலைல கிளாஸுக்காக போனை சைலன்ட்ல போட்டேன் அத்தை. எடுக்க மறந்துட்டேன்." தீக்ஷா தரையைப் பார்த்துச் சொன்னாள். "ஆனா நான் போனை நம்பிக்கினு இல்ல. தினமும் நீங்க கொரல் குடுத்தப்பறம்தான் நான் மணியே பாப்பேன். இன்னிக்கு உங்க கொரல் வரவே இல்லியே?"

பொய் சொல்லலாம். துணி மடித்துக்கொண்டிருந்தேன், தூங்கிவிட்டேன், எத்தனையோ இருக்கிறது. அன்றைக்கு ஏற்கெனவே நிறையப் பொய் ஆகிவிட்டது.

"கூப்புட வாயத் தொறந்தேன். கூப்புடல" என்றாள் தர்மவதி.

தீக்ஷா நிமிர்ந்தாள். "ஊர் சாப்டரை எடுத்ததாலயா?"

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அத்தைகிட்ட கேட்டீங்களா மாமான்னு நான் கேட்டேன். அவளுக்குப் புடிச்ச சாப்டராச்சே, எப்பிடி சொல்றதுன்னு தெரியலம்மா, பயமா இருக்குதுன்னாரு. சாப்புடும்போது சொல்லலாம்னு இருந்தாரு, இன்னிக்கு."

பயமா இருக்குது. தர்மவதி அந்த வார்த்தையை உள்ளே வாங்கிக்கொண்டாள். அது சூடாக இறங்கியது. ஒரு அத்தியாயத்தை எடுக்க அவர் தன்னைக் கண்டு பயந்திருக்கிறார். அவளுக்குப் பிடித்தது என்று அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அந்தச் சூடு முழுசாக இறங்குவதற்குள் அடுத்த நினைப்பு வந்துவிட்டது. அந்தப் பயத்தைக்கூட இந்தப் பெண்ணிடம்தான் சொல்லியிருக்கிறார்.

அவளுக்கே சிரிப்பு வந்தது. இந்த மனசு எதைப் போட்டாலும் நிறையாத பானை.

"பொழுது போனப்பறம் சாப்புட வெச்சிட்டோம்" என்றாள். "பொய் வேற சொல்லி. பாவம் வந்தா என்னைச் சேரட்டும். நான்தான் கூப்புடல."

"ரெண்டு நிமிஷம்னு சொன்னது நான் அத்தை. ஆளுக்குப் பாதி வெச்சுக்கலாம்."

பாவத்திலும் பங்குக்கு வந்துவிட்டாள். தர்மவதி பானையை மூடினாள்.

மறுநாள் தன்யகுமார் எழுந்து நடமாடினார். அன்றைக்கு எழுத வேண்டாம் என்று இரண்டு பேரும் சொன்னதைக் கேட்காமல் கூடத்தில் உட்கார்ந்தார். சூரியன் மலை உச்சியைத் தொட இன்னும் நேரம் இருந்தபோதே தர்மவதி மாடிப்படியில் வந்து நின்றாள்.

"ஏங்க, பொழுது போவுது."

"இரு தர்மு, இன்னும்..." என்று ஆரம்பித்து அவர் தீக்ஷாவைப் பார்த்தார்.

தீக்ஷா போனைத் தொடவில்லை. "அத்தை சொல்லியாச்சு மாமா. எழுந்திருங்க" என்றாள்.

அவர் எழுந்தார். கை கழுவினார். படியிலேயே நின்று தர்மவதி அதைப் பார்த்தாள். பழைய இடம் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. கிடைத்ததை எடுத்துக் கொடுத்தவள் யார் என்பதும் தெரிந்தது. அவள் நினைத்தால் கொடுக்கலாம், நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு அது அந்தப் பெண்ணின் கையில் இருந்திருக்கிறது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமலே கீழே இறங்கினாள்.

சாப்பாட்டில் அவர் நெடுநேரம் சோற்றைப் பிசைந்தார்.

"தர்மு, அந்த ஊர் அத்தியாயம் இருக்குது இல்ல? அத எடுத்துட்டேன்."

"தெரியும்."

"ஆதாரம் கம்மி. சத்தம் மட்டும்தான் ஒண்ணா கீது. கோவமா?"

"எடுத்ததுக்குக் கோவமில்ல. எங்கிட்ட சொல்லிட்டு எடுத்திருக்கணும். ரசம் ஊத்தட்டுமா?"

"ஊத்து." ஒரு வாய் சாப்பிட்டார். "கடைசி அத்தியாயம் இன்னும் பாதி இருக்குது. நேத்து அவகிட்ட படிச்சது பாதிதான். மிச்சத்த உனக்குப் படிக்கட்டுமா?"

முழுசையும் முதலிலிருந்து படியுங்கள் என்று சொல்ல நினைத்தாள். பாதியை வாங்கிக்கொள்ள வேண்டுமா? அவள் தீக்ஷாவைப் பார்த்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்து, அப்பளத்தைச் சத்தம் வராமல் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"படிங்க" என்றாள். "அதுவும் கேக்கட்டும். ஆனா முதல்லேர்ந்து."

அவர் காகிதத்தை எடுத்துவரச் சோற்றுக் கையோடு எழுந்தார். "மொதல்ல சாப்புடுங்க" என்று இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன. அதுவும் தர்மவதிக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் விளக்கேற்றினாள். தீர்த்தங்கரரை வணங்கினாள், எதுவும் கேட்கவில்லை. பத்மாவதி அம்மன் பக்கம் திரும்பினாள். மாடியில் தீக்ஷா ஜெர்மன் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தாயே, அந்தப் பொண்ணுக்கு விசா வரணும்" என்று வேண்டிக்கொண்டாள்.

சீக்கிரம் என்பதை மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை.